பழைய நேரம், புது நேரம்: கணினி மணிக்கூட்டின் அரை மணித்தியாலக் கதை

கொம்பியூட்டர் திரையின் மூலையில் இருக்கிற மணிக்கூடு பிழையான நேரம் காட்டுகிறது. திருத்துகிறோம். அடுத்தநாள் காலமை திறந்து பார்த்தால் பழையபடி பிழை. திரும்பவும் திருத்துகிறோம், திரும்பவும் பிழை. மூன்றாம் நாள் அதைப் பார்க்கிறதையே விட்டுவிட்டு, சுவரில் தொங்குகிற மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு வேலை செய்யத் தொடங்கிவிடுவோம். கணினி பாவிக்கிற வீடுகளில் இது கனகாலக் கதை.

இதைச் சரிப்படுத்த முயல்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். முள்ளைத் தள்ளுகிறார்கள். பத்து மணியை பத்தரை ஆக்குகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் முதலில் கேட்கவேண்டியது வேறு கேள்வி: எவ்வளவு பிழை?

பிழையின் அளவே காரணத்தைச் சொல்லிவிடும். மாதத்துக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று மெதுவாக விலகினால் அது பளிங்கின் குணம். ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் பல வருடம் பின்னுக்குப் போனால் பற்றறி செத்துவிட்டது. சரியாக ஐந்தரை மணித்தியாலம் பிழைத்தால் ஒரே கணினியில் வின்டோஸும் லினக்ஸும் சண்டை பிடிக்கின்றன. சரியாக அரை மணித்தியாலம் பிழைத்தால், அது இலங்கையின் வரலாறு.

கடைசியாகச் சொன்னது பகிடி இல்லை. கணினிக்குள் 'இலங்கை நேரம்' எண்டு ஒரு விதி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த விதி 1996க்கும் 2006க்கும் இடையில் மூன்று தடவை மாறியது. அதே பத்து வருடத்தில் தீவின் ஒரு பகுதி அந்த விதியை ஏற்கவேயில்லை. அந்தப் பகுதியில் வாழ்ந்த சனத்தின் நேரம் இண்டைக்கும் எந்தக் கணினியின் இலங்கை விதியிலும் இல்லை.

எண்ணிக்கையும் விதியும்

முதலில் கணினிக்கு நேரம் எப்படித் தெரிகிறது என்று பார்ப்போம்.

1981இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதலாவது பீசியில் பற்றறி வைத்த மணிக்கூடு இருக்கவில்லை. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் "இண்டைக்கு என்ன திகதி? இப்ப என்ன நேரம்?" என்று அது பாவனையாளரிடம் கேட்கும். ஒன்றும் சொல்லாமல் விட்டால் 1980 ஜனவரி 1 என்று எடுத்துக்கொள்ளும். 1984இல் வந்த ஏடி என்ற மாதிரியில்தான் மோட்டரோலா நிறுவனத்தின் மணிக்கூட்டுச் சில்லு ஒன்று பற்றறியோடு சேர்க்கப்பட்டது. கணினியை அணைத்தாலும் அந்தச் சில்லு ஓடிக்கொண்டிருக்கும். இண்டைக்கு மேசைக் கணினியைத் திறந்தால் தாய்ப்பலகையில் காசு மாதிரி வட்டமாக ஒரு பற்றறி தெரியுமே, 3 வோல்ட், சீஆர் 2032, அது பெரும்பாலும் இந்த வேலைக்குத்தான்.

அதோடு சேர்ந்து ஒரு சின்னக் குவார்ட்ஸ் பளிங்கு இருக்கும். அது ஒரு செக்கனுக்கு 32,768 தடவை அதிரும். ஏன் அந்த எண்? இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் பதினைந்தாவது அடுக்கில் வருவது 32,768. அதிர்வைப் பதினைந்து தடவை பாதியாக்கினால் சரியாக ஒரு செக்கன். பளிங்கு பத்து இலட்சத்துக்கு இருபது பங்கு பிசகினால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.7 செக்கன், மாதத்துக்கு 50 செக்கன் அளவில் பிழை வரும். மெதுவாக விலகுகிற பிழைக்குக் காரணம் இதுதான். மருந்தும் எளிது: இணையத்தினூடாக நேரத்தை ஒத்துப்பார்க்கும் வசதியைத் திறந்து விடுவது. டேவிட் மில்ஸ் என்பவர் 1985இல் வகுத்த நெறிமுறை இண்டைக்கும் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. இணையத்தில் இன்னும் பாவனையில் இருக்கிற மிகப் பழைய நெறிமுறைகளில் அதுவும் ஒன்று.

ஆனால் இணையம் அனுப்புவது இலங்கை நேரத்தை இல்லை. அது அனுப்புவது உலகப் பொது நேரத்தை, அதாவது கிறீன்விச் நேரத்தின் இன்றைய வடிவத்தை. அதோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்டி நமக்குக் காட்டுவது நமது கணினி. ஆக, திரையில் தெரிகிற நேரத்துக்கு இரண்டு பாகம் உண்டு. ஒன்று எண்ணிக்கை. மற்றது விதி. எண்ணிக்கையைப் பளிங்கும் இணையமும் பார்த்துக்கொள்ளும். விதியை அரசாங்கம் போடும்.

இந்த வேறுபாடு விளங்கினால் ஐந்தரை மணித்தியாலச் சண்டையும் விளங்கும். ஏடி காலத்தில் டொஸ் இயங்குதளத்துக்கு நேர வலயம் என்ற ஒன்றே தெரியாது. சுவர் மணிக்கூட்டு நேரத்தைத்தான் சில்லில் எழுதி வைத்தது. வின்டோஸ் அந்தப் பழக்கத்தை விடவில்லை. யுனிக்ஸ் பரம்பரையில் வந்த லினக்ஸோ சில்லில் பொது நேரத்தை வைத்துவிட்டு, விதியைப் பிறகு கூட்டும். இரண்டையும் ஒரே கணினியில் போட்டால் ஒன்று எழுதியதை மற்றது பிழையாக வாசிக்கும். இலங்கையில் அந்தப் பிழை எப்பவும் ஐந்தரை மணித்தியாலம்தான். இரண்டில் ஒன்றிடம் "மற்றது வைத்திருக்கிற முறையில் நீயும் வாசி" என்று அமைப்பில் சொல்லிவிட்டால் சண்டை தீர்ந்துவிடும்.

இன்னொரு சின்ன அடையாளம். யுனிக்ஸ் வழிவந்த இயந்திரங்கள் 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து எத்தனை செக்கன் போனது என்றுதான் கணக்கு வைத்திருக்கும். அப்படியான ஒரு கருவிக்கு இலங்கையில் நினைவு முழுக்க அழிந்துபோனால், அது காட்டுவது 1970 ஜனவரி 1, காலை 5.30. எண்ணிக்கை பூச்சியம், ஆனால் விதி மட்டும் மிச்சம்.

ஐந்தரை எங்கிருந்து வந்தது?

சூரியனைக் கேட்டால் கொழும்பின் நேரம் கிறீன்விச்சை விட 5 மணி 19 நிமிடம் 24 செக்கன் முன்னுக்கு. யாழ்ப்பாணம் கொழும்பை விடக் கொஞ்சம் கிழக்கே இருப்பதால் இன்னும் ஒரு 40 செக்கன் கூட. கிளிநொச்சிக்கு இரண்டு நிமிடம் அளவில் கூடும். மட்டக்களப்புக்கு ஏழு நிமிடத்துக்கு மேல். இந்தத் தீவு முழுவதையும் அளந்தாலும் சூரியன் தருகிற வித்தியாசம் பத்து நிமிடம்கூட வராது. இந்த எண்களை ஞாபகத்தில் வைத்திருங்கோ.

உலகத்துக் கணினிகள் பாவிக்கிற நேர வலயக் கோப்பு ஒன்று உண்டு. அதில் இலங்கைக்கு உரிய பகுதி சில வரிகள்தான். 1880 முதல் மொறட்டுவ சராசரி நேரம், 5 மணி 19 நிமிடம் 32 செக்கன். 1906 முதல் ஐந்தரை. இந்தியாவும் 1906 ஜனவரி 1ஆம் திகதிதான் ஐந்தரைக்குப் போனது. ஐந்தரைக்கு உரிய தீர்க்கரேகை 82.5 பாகை. அது இந்தியாவுக்குள்ளால் போகிறது, இலங்கையைத் தொடவேயில்லை. அதாவது நாங்கள் மணிக்கூட்டில் கட்டியிருப்பது நமது சூரியனை இல்லை. கொழும்பில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 10 நிமிடத்துக்குத்தான்.

பிறகு யுத்தம். 1942 ஜனவரி 5ஆம் திகதி மணிக்கூடு அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளப்பட்டு ஆறு ஆனது. அந்த ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. செப்டெம்பரில் இன்னொரு அரை மணித்தியாலம் தள்ளி ஆறரை. யுத்தம் முடிந்தபிறகு 1945 ஒக்டோபர் 16 அன்று திரும்ப ஐந்தரைக்கு வந்தார்கள். அரசாங்கம் நினைத்தால் சூரியனை அரை மணித்தியாலம் நகர்த்தலாம் என்பதை இந்தத் தீவு அப்போதே பார்த்துவிட்டது.

இந்தப் பழைய திகதிகளை எல்லாம் கல்வெட்டில் வெட்டியது மாதிரி எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஜோன் மில்ன் என்ற பூகம்பவியலாளர் 1899இல் உலக நாடுகளின் நேரங்களைத் தொகுத்தபோது, இலங்கை 1898 மே முதல் மெட்ராஸ் நேரத்தைப் பாவிப்பதாக எழுதினார். கோப்பைப் பராமரிப்பவர்கள் அதையும் குறித்து வைத்துவிட்டு, ஏன் அதை ஏற்கவில்லை என்று காரணமும் எழுதியிருக்கிறார்கள்.

1996: ஒரு தீவு, இரண்டு நேரம்

1996இல் மழை பொய்த்தது. நீர்மின்சாரத்தை நம்பியிருந்த நாட்டில் நீண்ட மின்வெட்டு. வெளிச்சம் இருக்கும்போதே சனம் வேலையை முடித்தால் மின்சாரம் மிச்சம் என்று கணக்குப் போட்டு, அரசாங்கம் மே 24 நள்ளிரவு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஐந்தரை ஆறரை ஆனது. மே 25ஆம் திகதி அதிகாலை பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் இடைப்பட்ட நேரம் சட்டப்படி இருக்கவேயில்லை.

ஒரு மணித்தியாலம் கூடிப்போனது என்று அதே வருடம் ஒக்டோபர் 26ஆம் திகதி அதிகாலை 12.30க்கு அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள். ஆறரை ஆறு ஆனது. அடுத்த ஒன்பதரை வருடத்துக்கு அதுதான் இலங்கையின் நேரம். ஜனவரி கடைசியில் கொழும்பில் சூரியன் எழும்பும்போது ஏறத்தாழ ஏழு மணி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருட்டோடு வீட்டை விட்டு வெளிக்கிட்டார்கள்.

ஆனால் "இலங்கையின் நேரம்" என்று சொல்லும்போது தீவு முழுவதையும் சொல்ல முடியாது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே மணிக்கூடு ஐந்தரையிலேயே ஓடியது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத்தான் நேரத்தை மாற்றினார்கள், வன்னிக்கோ தேசிய மின்வலையமைப்பின் மின்சாரமே வரவில்லை. எனவே மாற்றத்துக்கு அங்கே ஒரு நடைமுறைத் தேவையும் இருக்கவில்லை. அதற்கும் மேலே, யாருடைய உத்தரவில் மணிக்கூடு ஓடுகிறது என்பது ஆட்சி பற்றிய கேள்வி. வரி, நீதிமன்றம், காவல்துறை மாதிரி நேரமும் ஒன்று.

சனத்தின் வாயில் அது 'பழைய நேரம்', 'புது நேரம்' என்று ஆனது. "எத்தினை மணிக்கு?" என்று கேட்டால் "பழைய நேரமோ புது நேரமோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபிறகு ஓமந்தையிலோ முகமாலையிலோ சோதனைச்சாவடியைக் கடந்தவர்கள் கடந்து போனது இரண்டு நேரங்களுக்கு நடுவிலும்தான். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்தால் முகமாலைக்கு அங்கால் அரை மணித்தியாலம் கையில் கூடும், ஓமந்தைக்கு அங்கால் அது திரும்பப் பறிபோகும். சூரியன் கிளிநொச்சிக்கும் கொழும்புக்கும் தந்த வித்தியாசம் இரண்டு நிமிடம். யுத்தம் தந்தது முப்பது நிமிடம்.

இதில் இன்னொரு சிக்கல். எல்லை ஒரே இடத்தில் நிற்கவில்லை. கிளிநொச்சி நகரம் 1996 செப்டெம்பரில் இராணுவத்திடம் போனது, 1998 செப்டெம்பரில் புலிகளிடம் திரும்பியது. ஆனையிறவு 2000 ஏப்ரலில் கைமாறியது. "இந்த ஊரில் இந்த நேரம்" என்று ஒரு கோடு கீறிவிட முடியாது. ஒரே ஊருக்கு வருடத்தைப் பொறுத்து நேரம் மாறியிருக்கும். கச்சேரிகளும் பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் அரசாங்கத்தின் சம்பளத்தில் புலிகளின் பகுதிக்குள் இயங்கின. கொழும்பிலிருந்து வருகிற கடிதத்தில் ஒன்பது மணி என்று இருந்தால், சுவரில் அப்போது எட்டரை.

2006: மணிக்கூடு திரும்பியது, கணினி திரும்பவில்லை

2006 புதுவருடத்தோடு அரசாங்கம் திரும்ப ஐந்தரைக்கு வந்தது. ஏப்ரல் 14 இரவு கடந்து 12.30 ஆகவேண்டிய கணத்தில் மணிக்கூடு மீண்டும் 12.00 ஆனது. ஏப்ரல் 15ஆம் திகதியின் முதல் அரை மணித்தியாலம் இரண்டு தடவை நடந்தது. அந்த இரவு 12.15க்கு ஒரு பிள்ளை பிறந்திருந்தால், எந்த 12.15 என்று கேட்கவேண்டும்.

கைமணிக்கூட்டைத் திருப்ப ஒரு நிமிடம் போதும். கணினிக்குப் போதவில்லை. அப்போது பெரும்பாலான கணினிகளில் இருந்தது வின்டோஸ் எக்ஸ்பி. அதன் நேர வலயப் பட்டியலில் 'சிறீ ஜயவர்தனபுர' என்ற பெயருக்கு முன்னால் ஆறு மணி என்று எழுதியிருந்தது. ஏப்ரல் 15 காலை கணினியைத் திறந்தவர்களுக்கு நேரம் அரை மணித்தியாலம் கூடத் தெரிந்தது. முள்ளைத் தள்ளினார்கள். எக்ஸ்பி வாரத்துக்கு ஒருமுறை இணையத்தோடு நேரத்தை ஒத்துப்பார்க்கும். இணையத்திலிருந்து பொது நேரம் சரியாக வரும், அதோடு கணினி தனது பழைய விதிப்படி ஆறைக் கூட்டும், திரும்பவும் அரை மணித்தியாலம் பிழை. எத்தனை தரம் தள்ளினாலும் இதுதான் நடக்கும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன "திருத்துகிறோம், பழையபடி பிழை" என்ற நோயின் சுத்தமான உதாரணம் இது. எண்ணிக்கையில் பிழையே இல்லை. பிழை முழுக்க விதியில்.

முள்ளைத் தள்ளுவதால் வேறு கரைச்சலும் வரும். திரையில் நேரம் சரியாகத் தெரியும், ஆனால் உள்ளே பொது நேரம் அரை மணித்தியாலம் பிழைத்துவிடும். அப்படி ஒரு கணினியிலிருந்து வெளிநாட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் அதில் அரை மணித்தியாலம் முந்திய நேரம் குத்தப்பட்டிருக்கும்.

சரியான வழி இரண்டு. ஒன்று, மைக்ரோசொஃப்ட் பிறகு வெளியிட்ட திருத்தத்தைப் போட்டு இலங்கையின் விதியை மாற்றுவது. மற்றது, அதுவரைக்கும் பட்டியலில் "சென்னை, கொல்கத்தா, மும்பை, புது டில்லி" என்ற வலயத்தைத் தெரிவு செய்வது. இந்தியாவின் விதி ஐந்தரை, அது மாறவேயில்லை. கொழும்பில் இருக்கிற ஒரு கணினி சரியான இலங்கை நேரம் காட்டுவதற்கு, தான் சென்னையில் இருப்பதாக நம்பவேண்டியிருந்தது.

இயந்திரம் வாசிக்காத வரிகள்

மேலே சொன்ன நேர வலயக் கோப்புக்கு வருவோம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகத்தில் வேலை செய்த ஆர்தர் டேவிட் ஒல்சன் 1980களில் தொடங்கியது. பிறகு போல் எக்கர்ட் அதன் பொறுப்பை ஏற்றார். லினக்ஸ், அன்ட்ரொயிட் போன், அப்பிள் கருவிகள் எல்லாம் இந்தக் கோப்பைத்தான் வாசிக்கின்றன. ஒவ்வொரு வலயத்துக்கும் ஒரு நகரத்தின் பெயர். நமக்கு 'ஏசியா/கொழும்பு'.

இந்தக் கோப்பின் பழைய திகதிகள் பல எங்கிருந்து வந்தன தெரியுமோ? சோதிடர்களுக்காகத் தொகுக்கப்பட்ட நேர அட்டவணைப் புத்தகங்களிலிருந்து. சாதகம் கணிப்பவருக்குத்தான் "1942இல் கொழும்பில் மணிக்கூடு எவ்வளவு தள்ளியிருந்தது" என்ற கேள்வி முக்கியம். 2011 செப்டெம்பரில் அஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்கச் சோதிட மென்பொருள் நிறுவனம், அந்த அட்டவணைகளின் உரிமை தனக்கே என்று சொல்லி ஒல்சன் மீதும் எக்கர்ட் மீதும் வழக்குப் போட்டது. உலகத்தின் நேரக் கோப்பு சில நாள் இணையத்திலிருந்து இறங்கியது. ஒக்டோபரில் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு அதைப் பொறுப்பேற்றது. அடுத்த வருடம் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு வழக்கைக் கைவிட்டது.

அந்தக் கோப்பில் சில வரிகள் # என்ற குறியோடு தொடங்கும். அவை மனிதருக்கான குறிப்புகள், இயந்திரம் அவற்றைத் தாண்டிப் போய்விடும். இலங்கைப் பகுதியில் அப்படியான வரிகளில்தான் நமது கதை இருக்கிறது. புலிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை என்ற 2006 ஏப்ரல் றொய்ட்டர்ஸ் செய்தி அங்கே குறிக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழே, 2006 ஏப்ரல் 18 என்ற திகதியோடு எக்கர்ட் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: அந்தப் பகுதிகளில் வாழ்பவர்கள் கொல்கத்தா வலயத்தைப் பாவிக்கலாம், 1970 முதல் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன என்று.

இதில் கள்ளம் ஒன்றும் இல்லை. 1970க்குப் பிறகு மணிக்கூடுகள் ஒத்துப்போன இடங்களுக்குத் தனித்தனிப் பெயர் தேவையில்லை என்பது அந்தக் கோப்பின் பொது விதி. அதன்படி அது சரியான பதில். நேர்மையாகக் குறிப்பும் எழுதி வைத்தார்கள், அதுக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் விளைவைப் பாருங்கோ. இலங்கை என்று சொன்னவுடன் எந்தப் போனும் எந்த மென்பொருளும் எடுப்பது கொழும்பு வலயத்தைத்தான். அரசாங்கத்தின் நேரம் இயந்திரம் வாசிக்கிற வரியில் இருக்கிறது. வன்னியின் நேரம் இயந்திரம் வாசிக்காத வரியில் இருக்கிறது.

அரை மணித்தியாலத்தில் என்ன கிடக்கு?

ஒரு உதாரணம். 2001இல் மல்லாவியில் ஒரு பிள்ளை காலை 6.10க்குப் பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய நேரம். அதே கணத்தில் வவுனியாவில் 6.40. இன்று அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிறார்கள். சாதகம் கணிக்கும் மென்பொருளில் இலங்கை, 2001, காலை 6.10 என்று போடுகிறார்கள். மென்பொருள் கொழும்பு விதியை எடுத்து, உண்மையான பிறப்புக்கு அரை மணித்தியாலம் முந்திய வானத்தைக் கணிக்கிறது. ஒரு இலக்கினம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம், ஒரு நவாம்சம் ஏறத்தாழ 13 நிமிடம். அரை மணித்தியாலத்தில் நவாம்சம் இரண்டு தள்ளிப்போகும், இலக்கினமே மாறவும் கூடும். சோதிடத்தை நம்புகிறீர்களோ இல்லையோ, அதைப் பார்த்துக் கலியாணங்கள் சரிவருகின்றன, முறிகின்றன. பொருந்தாது என்று சொல்லப்பட்டது இன்னொரு பிள்ளையின் வானமாக இருக்கலாம்.

படங்கள் இன்னொன்று. டிஜிட்டல் கமராக்கள் பரவியது இந்தப் பத்து வருடத்தின் பின்பாதியில்தான். அந்தக் காலக் கமராக்கள் படத்தோடு நேரத்தை மட்டும் எழுதின, எந்த வலயம் என்று எழுதவில்லை. ஒரே நிகழ்வை வவுனியாவிலிருந்து போனவரும் கிளிநொச்சியில் இருந்தவரும் எடுத்த படங்களை நேர வரிசைப்படி அடுக்கினால், முந்தி நடந்தது பிந்தி வரும்.

மிகப் பாரமானது சாட்சியம். எறிகணை விழுந்த நேரம், ஒருவரைக் கடைசியாகக் கண்ட நேரம், வாகனம் மறிக்கப்பட்ட நேரம். ஒருவர் மூன்று மணி என்கிறார், இன்னொருவர் மூன்றரை என்கிறார். விசாரிப்பவர் அதை முரண்பாடு என்று எழுதுவார். 1996 மேக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடைப்பட்ட சம்பவம் என்றால் அது முரண்பாடாக இல்லாமல் இருக்கலாம். இரண்டு பேரும் ஒரே கணத்தை இரண்டு மணிக்கூட்டில் பார்த்திருக்கலாம். பெறுமதியான சாட்சியம் ஒன்று முப்பது நிமிடத்துக்காகத் தள்ளுபடியாகக் கூடாது. அதேநேரம், 2006 ஏப்ரலுக்குப் பிறகு நடந்தவற்றுக்கு இந்த விளக்கத்தைச் சொல்லவும் முடியாது. அதற்குப் பிறகு தீவு முழுக்க ஒரே ஐந்தரைதான்.

சரி, இப்ப என்ன செய்யலாம்?

கணினிக்கு முதலில். முள்ளைத் தொடுவதற்கு முன் நேர வலயத்தைப் பாருங்கோ. கொழும்பு அல்லது சிறீ ஜயவர்தனபுர, ஐந்தரை என்று இருக்கவேண்டும். ஆறு என்று இருந்தால் அது 2006க்கு முந்திய இயங்குதளம், அல்லது ஆரோ டாக்கா வலயத்தைத் தெரிவு செய்துவிட்டார்கள். வலயம் சரியென்றால் இணைய நேர ஒத்திசைவைத் திறந்துவிடுங்கோ. அணைத்துத் திறக்கும்போதெல்லாம் பழைய வருடத்துக்குப் போனால் பற்றறியை மாற்றுங்கோ, விலை பெரிதில்லை. திகதி பிழைத்த கணினியில் இணையத்தளங்கள் திறக்காமல் "பாதுகாப்பு இல்லை" என்று மறிப்பதற்கும் இதுதான் காரணம். தளங்களின் சான்றிதழ்களுக்குக் காலாவதித் திகதி உண்டு, கணினி தனது மணிக்கூட்டை வைத்துத்தான் அதைச் சரிபார்க்கும். இலங்கையின் உத்தியோகபூர்வ நேரத்தைப் பராமரிப்பது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம். அவர்களின் இணையத்தளத்தில் ஒத்துப்பார்க்கலாம்.

மற்ற வேலை நமது. ஊர் வரலாறு எழுதுகிறவர்கள், படங்களைச் சேகரிக்கிறவர்கள், வாய்மொழிப் பதிவு செய்கிறவர்கள் அந்தப் பத்து வருடத்தின் எந்த நேரத்தை எழுதினாலும், பக்கத்தில் ஒரு சொல் சேர்த்து எழுதவேண்டும்: பழைய நேரம், அல்லது புது நேரம். கொண்டாட்டத் திகதி என்றால் வாக்கியமோ திருக்கணிதமோ என்று கேட்டுப் பழகிய சனத்துக்கு இது கஷ்டமான காரியம் இல்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரத்திலோ சாதகக் கொப்பியிலோ இருக்கிற நேரத்தை மென்பொருளில் போட முன்னம், அதை எழுதியவர் எந்த மணிக்கூட்டைப் பார்த்தார் என்று வீட்டில் கேளுங்கோ. அந்த நாளில் சுவரில் தொங்கிய மணிக்கூட்டை ஞாபகம் வைத்திருக்கிற அம்மம்மாவும் மருத்துவிச்சியும் பள்ளிக்கூட வாத்தியாரும் இன்னும் இருக்கிறார்கள். கோப்பில் இல்லாததை அவர்களிடம்தான் கேட்டு எழுதவேண்டும்.